டென்னிஸ் வயது

எங்கள் டென்னிஸ் சங்கத்துக்கு அலுவலகம் மயிலாப்பூரில், ஆடுகளம் அடையாறில், தலைவர் வீடு தி. நகரில். சாவி எப்போதும் இந்த மூன்று இடங்களில் நாம் நிற்காத இடத்தில்தான் இருக்கும். நான் கௌரவச் செயலாளர் ஆன நாளிலிருந்து என் கோபத்தில் பாதி இந்தச் சாவிக்கே செலவாகிவிட்டது. மீதியைத்தான் உறுப்பினர்களுக்குப் பங்கு வைக்கிறேன்.

ஆரம்பத்தில் மயிலாப்பூரில் ஒன்று, அடையாறில் ஒன்று என இரண்டு சங்கங்கள் இருந்தனவாம். டென்னிஸ் மேல் கொண்ட பேரன்பால் இரண்டும் இணைந்தன என்று ஆண்டு மலரில் அச்சடித்திருக்கிறோம். நடந்தது வேறு. மயிலாப்பூர்க்காரர்களிடம் ஆட ஆள் இருந்தது, கோர்ட் இல்லை. அடையாறுக்காரர்களிடம் இரண்டு சிமெண்ட் கோர்ட் இருந்தது, காலையில் நாலு பேர் ஒன்றாக எழுந்து வரமாட்டார்கள். இணைந்த கையோடு வந்த முதல் சண்டை, ஆட்டம் முடிந்தபின் காபியா டீயா என்பது. பல செயற்குழுக்கள் கூடிக் கலைந்து, கடைசியில் இரண்டு ஃப்ளாஸ்க் வைப்பது என்று முடிவானது. இன்றைக்கும் இரண்டு ஃப்ளாஸ்க்தான். தி. நகர்க்காரர்கள் பிற்பாடு வந்து சேர்ந்தார்கள். ஜவுளிக்கடை, நகைக்கடை வைத்திருப்பவர்கள். எந்தப் பக்கமும் சேராமல் வீட்டிலிருந்தே மோர் கொண்டுவந்துவிடுவார்கள்.

எனக்கு டென்னிஸ் ஆடத் தெரியாது. பெருங்குடியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துப்போக வந்தவள், ஆண்டுப் பொதுக்குழு முடியாமல் இழுத்துக்கொண்டிருந்ததில் பொறுமையிழந்து, வாசலில் நின்றபடியே கையைத் தூக்கி அப்பாவுக்குக் கடிகாரத்தைக் காட்டினேன். அந்த நேரம் பார்த்துத் தலைவர், "செயலாளர் பதவிக்கு யாராவது முன்வரேளா?" என்று கேட்டிருக்கிறார். அறையே கைதட்டியது. நான் வாயைத் திறப்பதற்குள் முன்மொழிந்து, வழிமொழிந்து, ஃப்ளாஸ்க்கையும் திறந்துவிட்டார்கள்.

பதவிக்கு வந்தபின் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. ஊர் உலகத்தில் எல்லோரும் வயதைக் குறைத்துச் சொல்வார்கள். எங்கள் சங்கத்தில் மட்டும் கூட்டிச் சொல்வார்கள். தலைக்கு மை அடித்துக்கொண்டு வருகிறவர்கூட, மூத்தோர் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது, "இன்னும் ரெண்டு போட்டுக்கோ மேடம்" என்பார். காரணம் எளிது. மூத்தோர் இரட்டையர் போட்டி அறுபது, அறுபத்தைந்து, எழுபது, எழுபத்தைந்து என்று வயதுப் பிரிவாக நடக்கும். எழுபது பிரிவில் எழுபது நிரம்பியவர் இளவட்டம். எழுபத்து நாலு ஆனவர் அந்த இளவட்டத்திடம் வருஷா வருஷம் உதை வாங்குவார். அவருக்கு ஒரே விமோசனம் எழுபத்தைந்து. அங்கே போனால் மறுபடியும் இவர்தான் பையன். அடுத்த பிறந்தநாளுக்கு எங்கள் பெரியவர்கள் ஏங்குவதைப் போலப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட ஏங்கிப் பார்த்ததில்லை.

அப்பாவும் பாய் மாமாவும் நாற்பது வருஷ ஜோடி. பாய் மாமாவுக்கு மயிலாப்பூர் கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. அவருடைய அப்பா காலத்துக் கடை. என் அப்பா அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடி போடப் போன இடத்தில் டென்னிஸ் பேச்சு வந்து, மறுநாள் காலை கோர்ட்டுக்குப் போனவர்கள். நாற்பது வருஷத்தில் இந்த ஜோடி ஒரு கோப்பைகூட வென்றதில்லை. அலுவலகச் சுவரில் ஒரு தேக்குப் பலகை இருக்கிறது. வென்றவர்கள் பெயரைத் தங்க நிறத்தில் எழுதுவோம். இறுதிப் போட்டியில் தோற்றவர்களுக்கு அதில் இடமில்லை. அப்பா பலகையைப் பார்க்காமலே அந்த அறைக்குள் நடக்கப் பழகியிருந்தார்.

இந்த வருஷம் பாய் மாமாவின் முழங்கால்கள் இரண்டும் மக்கர் பண்ணிவிட்டன. இரண்டையும் மாற்றியாக வேண்டும், மாற்றினால் நன்றாக நடக்கலாம், ஓடி ஆடுகிற ஆட்டமெல்லாம் இனிமேல் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாமா மூத்தோர் போட்டி முடியட்டும் என்று கெஞ்சித் தேதி வாங்கிக்கொண்டு வந்தார். ஆக இதுதான் கடைசி. வென்றால் இந்த வருஷம், இல்லாவிட்டால் இல்லை.

அங்கேதான் அப்பாவின் வயது குறுக்கே வந்தது. பாய் மாமாவுக்குச் சான்றிதழ்ப்படியே எழுபத்தைந்து. அப்பாவுக்கும் உண்மையில் எழுபத்தைந்துதான். ஆனால் சான்றிதழில் எழுபத்து மூன்று. பிள்ளை சர்க்கார் உத்தியோகத்தில் இரண்டு வருஷம் கூடுதலாக இருக்கட்டும் என்று தாத்தா பள்ளியில் சேர்க்கும்போதே இரண்டைக் கழித்துவிட்டார். அந்தக் காலத்தில் இதெல்லாம் பிள்ளைக்குச் செய்கிற நல்ல காரியம். எங்கள் உறுப்பினர் பாதிப் பேர் பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதம் முதல் வாரத்தில் பிறந்தவர்களாக இருப்பதும் அப்படிப்பட்ட நல்ல காரியத்தால்தான்.

"எழுபத்தஞ்சு பிரிவுல போடு" என்றார் அப்பா, சாப்பிட்டுக்கொண்டே.

"சான்றிதழ்ல எழுபத்து மூணுப்பா."

"சான்றிதழா ஓடப் போவுது? நான்தானே ஓடணும்?"

"எழுபதுலயே ஆடுங்களேன். மாமாவுக்கு வயசு கூட இருந்தாலும் கீழ்ப் பிரிவுல ஆடலாம், விதி இருக்கு."

"அங்க யாரு இருக்காங்கன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். எழுபது பிரிவில் தி. நகர் அண்ணன் தம்பி இருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை போட்டவர்கள். கடையில் துணி மடிப்பது போலவே நிதானமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் ஆடுவார்கள். அப்பாவையும் பாய் மாமாவையும் நாலு வருஷமாகத் தோற்கடித்துவிட்டு, "ரொம்ப நல்லா ஆடுனிய அண்ணாச்சி" என்று மோர் கொடுப்பார்கள். அந்த மோர்தான் அப்பாவுக்கு வயிற்றெரிச்சல்.

வேறு யாராவது எழுபத்தைந்து ஆன ஆளோடு ஜோடி சேருங்களேன் என்று ஒருவர் பாய் மாமாவிடம் சொல்லிப் பார்த்தார். "நாப்பது வருசமா இவன் உட்ட பந்தையெல்லாம் நான் எடுத்துக்கினு கீறேன். புது ஆளு எந்தப் பந்த உடுவான்னு எனக்கு எப்பிடிப்பா தெரியும்?" என்று மாமா கேட்டதும் அவர் போய்விட்டார்.

அப்பா செயற்குழுவுக்கு மேல்முறையீடு செய்தார். செயலாளர் நான், மகளும் நான். "அப்பா விஷயத்தில் நான் வாயைத் திறக்கமாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற ஆடிட்டர். தி. நகருக்குக் குடிபோய் எத்தனையோ வருஷமாகியும் பேச்சு இன்னும் மயிலாப்பூர் மாடவீதியை விட்டு வெளியே வரவில்லை.

"ரெக்கார்டுல இருக்கறதுதானே ஓய் வயசு?" என்றார் தலைவர்.

அப்பா எழுந்து நின்றார். "அஞ்சாறு வருஷம் முன்னால எனக்கு எழுபது நிறைஞ்சு பீமரத சாந்தி பண்ணாங்க. மண்டபத்துக்கு நீங்க எல்லாரும் வந்தீங்க. வந்தீங்களா இல்லையா?"

அறுபதாம் கல்யாணம் போல எழுபதுக்குச் செய்கிற சடங்கு அது. அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்திருந்தார்கள். குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

"எழுபதுன்னு சாப்பிட்டீங்க. இப்ப எழுபத்து மூணுன்னு எழுதுறீங்க. நடுவுல ரெண்டு வருஷம் எங்க போச்சு? செரிச்சிடுச்சா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பாயசம் ரெண்டு தடவை கேட்டு வாங்கிண்டேன். அதை நான் மறுக்க முடியாது" என்றார். ஓர் ஆடிட்டர் தனக்கு எதிராகவே கையெழுத்துப் போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் அவருக்கு வேறு பயம். அப்பாவின் உண்மை வயதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதினால், நாளைக்கு யாராவது அதைத் தூக்கிக்கொண்டு, இவர் இரண்டு வருஷம் கூடுதலாக வேலை பார்த்தார் என்று கிளம்பினால் என்ன செய்வது? அரைமணி நேரம் மண்டையைக் குடைந்தபின் அவரே ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார். அப்பாவின் வயதைப் பற்றிச் சங்கத்துக்கு எந்தக் கருத்தும் கிடையாது. அன்னாரது டென்னிஸ் வயது மட்டும் எழுபத்தைந்து. எங்கள் போட்டி எங்கள் சொந்தப் போட்டி, மாநில அமைப்பின் பட்டியலுக்குப் போவதில்லை, ஆகவே யாரும் கேட்க முடியாது.

அதோடு விட்டிருக்கலாம். விதி என்றால் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று நான்தான் வாயைத் திறந்தேன். உடனே விதி போட்டார்கள். எழுபதாவது வயதுச் சடங்கில் சாப்பிட்ட இரண்டு உறுப்பினர்கள் சாட்சி சொன்னால் டென்னிஸ் வயது வழங்கப்படும். கலந்துகொண்டால் போதாதா, சாப்பிட்டுத்தான் ஆக வேண்டுமா என்று கேட்டேன்.

"கலந்துண்டவா பாதிப் பேர் மொய்க் கவரைக் குடுத்துட்டு ஓடியிருப்பா. அவாளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்? இலையில உக்காந்தவாதான் சாட்சி" என்றார் தலைவர்.

"எங்க வீட்டுல இந்தச் சடங்கெல்லாம் கிடையாதே சார்" என்று சாந்தோமிலிருந்து வரும் உறுப்பினர் ஒருவர் கையைத் தூக்கினார். கேக் வெட்டியிருந்தால் போதும், ஆனால் இரண்டு பேர் தின்றிருக்க வேண்டும் என்று திருத்தம் சேர்த்தோம். இதையெல்லாம் நான் கணினியில் அடித்தேன். ஒழுங்கான நிறுவனத்தில் ஒழுங்கான சம்பளம் வாங்குகிறவள், கேக் தின்றதற்குச் சாட்சி என்று அடித்தேன்.

அடுத்த சில நாள் எங்கள் வீட்டில் திருவிழாதான். எழுபத்தைந்து பிரிவில் அதுவரை பெயர் கொடுத்திருந்தது அப்பா ஜோடியையும் சேர்த்து மூன்றே ஜோடிகள். ஒருவருக்கு மார்பில் பேஸ்மேக்கர். இன்னொருவர் பந்து எதிர்ப்பக்கம் போனால் வலையைப் பிடித்துக்கொண்டு கண் அசந்துவிடுவார். அப்பா காலையில் எழுந்ததும் வாசலில் மட்டையை வீசிப் பார்த்து, பால்காரர் தலையில் அடிக்கப் பார்த்தார். பாய் மாமா முழங்கால் இரண்டிலும் பட்டை கட்டிக்கொண்டு பயிற்சிக்கு வந்தார். ஒரு நாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியவர், "நம்ம பேரு எழுதுறப்போ ஸ்பெல்லிங் நீ பார்த்துக்கோம்மா" என்றார். கோபப்படுவது எனக்குச் சுலபம், இது சுலபமில்லை.

பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின சனிக்கிழமை மாலை, மயிலாப்பூர் அலுவலகத்துக்கு அண்ணன் தம்பி இருவரும் வந்தார்கள். அதிசயமாகச் சாவியும் என்னிடம் இருந்தது.

"டென்னிஸ் வயசுன்னு ஒண்ணு தாரியளாம்லா? தம்பிக்கு ஒண்ணு வேணும்மா" என்றார் அண்ணன்.

அண்ணன் எழுபத்தைந்தை எப்போதோ தாண்டியவர். தம்பிக்குச் சான்றிதழில் எழுபத்து மூன்று. அதனால்தான் இருவரும் எழுபது பிரிவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். தம்பியின் கதையை அண்ணன்தான் சொன்னார். அவர்கள் ஊரில் பள்ளியில் சேர்க்க வயதுச் சான்று கேட்கமாட்டார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது, சேர்த்துக்கொள்வார்கள். தொடாவிட்டால் அடுத்த வருஷம். தம்பிக்குத் தலை பெரிசு, கை குட்டை. இரண்டு வருஷம் காது எட்டவில்லை. ஏழாவது வயதில் எட்டியபோது வாத்தியார் ஐந்து என்று எழுதிக்கொண்டார். தம்பி வெட்கப்பட்டுச் சிரித்தபடி இப்போது ஒரு தடவை தொட்டுக் காட்டினார்.

"எழுபதாவது வயசுல திருக்கடையூர்ல வச்சு விசேஷம் பண்ணினோம். சங்கத்துல எல்லாருக்கும் பத்திரிகை வச்சோம். தூரம்னுட்டு யாரும் வரல. ரெண்டே பேருதான் வந்தாவ" என்றார் அண்ணன்.

"யாரு?" என்று கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க அப்பாவும் பாய் அண்ணாச்சியும்தான்."

எதிராளி வீட்டு விசேஷத்துக்கு அத்தனை தூரம் பாய் மாமாவின் காரில் போய்வந்தவர்கள் இவர்கள். எதற்குப் போனீர்கள் என்று அப்போது கேட்டதற்கு, திருநெல்வேலிக்காரர்கள் சொதிக் குழம்பு நன்றாக வைப்பார்கள் என்றார் அப்பா. சாட்சி இரண்டு பேர் வேண்டும். இருக்கிறதே அந்த இரண்டு பேர்தான். அவர்கள் உண்டென்றால் தம்பி எழுபத்தைந்து பிரிவுக்கு வந்துவிடுவார், கூடவே அண்ணனும். யாரிடமிருந்து தப்பிக்க அப்பா இவ்வளவு பாடுபட்டாரோ, அவர்களையே கையைப் பிடித்து அழைத்துவந்த மாதிரி ஆகிவிடும். நாளைக் காலை செயற்குழு, அங்கே பேசிக்கொள்ளலாம் என்று அவர்களை அனுப்பிவைத்தேன்.

வீட்டில் சொன்னதும் அப்பா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "திருக்கடையூரா? நான் எப்பம்மா போனேன்?"

"அப்பா!"

"வயசாயிடுச்சு. ஞாபகம் இருக்கறதில்ல. அதான் டென்னிஸ் வயசே எழுபத்தஞ்சுன்னு எழுதிட்டீங்களே."

பிறகு பாய் மாமாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் நானும் கேட்டேன். அப்பாவுக்குக் காது மந்தம், தெருவே கேட்டிருக்கும்.

"பாய், உனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்கா?"

"இன்னா ஞாபகம் நைனா?"

"திருக்கடையூர்."

"உனக்கு ஞாபகம் கீதா?"

"இல்ல."

"அப்ப எனக்கும் இல்ல."

செயலாளராக நான் சத்தம் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மறந்து தொலைக்கட்டுமே என்றுதான் இருந்தது. யார் வீட்டுக் குடி முழுகிவிடப் போகிறது? அண்ணன் தம்பி பெயர் பலகையில் நாலு தடவை இருக்கிறது. பாய் மாமாவுக்கு இது ஒன்றுதான்.

மறுநாள் செயற்குழுவில் கேள்வி கேட்கும் வேலை செயலாளருடையது. அப்பாவும் பாய் மாமாவும் ஒரு பெஞ்சில், அண்ணனும் தம்பியும் எதிர் பெஞ்சில்.

"இவருடைய எழுபதாவது வயது விசேஷத்துக்குப் போயிருந்தீர்களா?" என்று அப்பாவை யாரோ போலக் கேட்டேன்.

"அந்தப் பக்கம் போன மாதிரி இருக்கு. கோயிலுக்கா, இதுக்கான்னு சரியாத் தெரியல."

"சாப்பிட்டீர்களா?"

அப்பா கூரையைப் பார்த்தார். "சாப்பிட்ட மாதிரி ஞாபகம் இல்ல."

பாய் மாமாவும் முழங்காலைத் தடவிக்கொண்டே, "நமக்கும் இல்லம்மா" என்றார்.

சரி, முடிந்தது என்று நான் பெருமூச்சு விட்டேன். தம்பி வாதாடவே இல்லை. அவர் முகம்தான் செத்துப்போனது. மெதுவாக எழுந்து அப்பாவின் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, சாப்பிடாமலா போனிய?"

அப்பா மறுபடியும் கூரையைப் பார்த்தார்.

"அவ்வளவு தூரம் வந்தியளே. பந்தியில யாரும் கூப்பிடலியா? நான் மாலையும் கழுத்துமா மேல உக்காந்துட்டேன். யாரும் கவனிக்காம விட்டுட்டாவளா?"

அண்ணன் துள்ளி எழுந்தார். "ஏல, பந்திக்கு உன் மச்சினனைத்தானல நிறுத்துன! அன்னைக்கே சொன்னேன், அவனுக்கு வந்தவங்க முகம் தெரியாது, நான் நிக்கேன்னு. கேட்டியா? மெட்ராசிலேருந்து வந்தது ரெண்டே பேரு. அந்த ரெண்டு பேரையும் பட்டினியா அனுப்பியிருக்க!"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? சாப்பிட்டாச்சுன்னுதான மச்சினன் சொன்னான்."

"இத்தனை வருசமா மூஞ்சியில முழிச்சு மோர் குடுக்கோம். மனசுக்குள்ள என்ன நெனச்சிருப்பாவ!"

டென்னிஸ் வயது என்ற பேச்சே அவர்கள் மனதில் இல்லை. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. கைகூப்பிக்கொண்டு அப்பாவின் காலடியில் உட்காரவே போனார். "மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி. ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. நானே நின்னு பரிமாறுதேன்."

அப்பா நெளிந்தார். பாய் மாமாவைப் பார்த்தார். பாய் மாமா ஜன்னலைப் பார்த்தார். தம்பியின் கூப்பிய கை அப்பாவின் மூக்குக்கு நேரே இருந்தது.

"யோவ், எந்திரிய்யா" என்று அப்பா கத்தினார். "சாப்பிட்டேன்யா! மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன். சொதி மூணு தடவை. இஞ்சித் துவையல். உருளைக்கிழங்கு வறுவல். உன் மச்சினன் விடவே இல்ல, போதும் போதும்னு இலைய மறைச்சேன், கை மேலயே ஊத்திட்டான். அவனைப் போய்த் திட்டாதீங்க."

"எனக்கும்தான்" என்றார் பாய் மாமா, பழியில் பங்கு கேட்பவரைப் போல. "அந்த மச்சினன் நல்ல புள்ளப்பா. கார் கிளம்புறப்போ ஓடியாந்து ஒரு தூக்கு நெறயக் குடுத்தான். பாண்டிச்சேரி தாண்டி நிறுத்தி அதையும் சாப்ட்டோம்."

அண்ணனும் தம்பியும் முகம் மலர்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். தலைவர் மேசையைத் தட்டி, "சாட்சி ரெண்டு. டென்னிஸ் வயசு எழுபத்தஞ்சு. எழுதிக்கோம்மா" என்றார். எழுதிக்கொண்டேன். திரும்பும் வழியில் அப்பா, "ஒருத்தன் போட்ட சோத்த இல்லன்னு சொல்ல முடியலம்மா" என்று மட்டும் சொன்னார்.

போட்டியில் நடந்தது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். பேஸ்மேக்கர் ஜோடியை அண்ணன் தம்பி வென்றார்கள். வலையைப் பிடித்துத் தூங்குபவரை அப்பா ஜோடி எழுப்பி எழுப்பி வென்றது. இறுதிப் போட்டியில் நால்வரும் நின்றார்கள். ஒரே செட், முதலில் ஒன்பது கேம் எடுப்பவர் வெற்றி. பாய் மாமா இரண்டு எட்டுக்கு மேல் நகர முடியாது. அதனால் அப்பா பாதி கோர்ட்டுக்குப் பதில் முக்கால் கோர்ட்டை ஓடினார். எழுபத்தைந்து வயது மனிதர், முகம் செம்பருத்தியாய்ச் சிவந்து, ஒவ்வொரு பந்துக்கும் மாமாவைப் பார்த்து, "நீ நில்லு, நான் பாத்துக்கறேன்" என்று கத்திக்கொண்டு ஓடினார். எட்டு ஏழு என்று அண்ணன் தம்பி முன்னால் இருந்தார்கள். அடுத்த பாயிண்டும் அவர்களுக்குப் போனால் ஆட்டம் முடிந்தது.

எங்கள் போட்டிகளில் நடுவர் கிடையாது. பந்து உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதை அந்தப் பக்கத்தில் ஆடுகிறவர்களே சொல்ல வேண்டும். ஜோடியில் ஒருவர் வெளியே என்றும் மற்றவர் உள்ளே என்றும் சொன்னால், உள்ளே என்றே கணக்கு. தம்பி பந்தை உயரத் தூக்கி அடித்தார். அது பாய் மாமாவின் தலைக்கு மேலே போய், பின்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. சிமெண்ட் தரை, தடம் பதியாது.

"அவுட்!" என்று அப்பா கையைத் தூக்கினார்.

அண்ணனும் தம்பியும் தலையாட்டிவிட்டுத் தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள். சந்தேகப்படவே இல்லை. பாய் மாமா மட்டும் அசையாமல் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல நைனா. லைன்ல பட்டுச்சு."

"அவுட்டுய்யா! நான் கண்ணால பார்த்தேன்."

"அந்தக் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக் குடுத்தவனே நான்தான். அதுல எவ்ளோ தெரியும்னு எனக்குத் தெரியாதா?" பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. மட்டையை ஊன்றி அப்பாவின் பக்கம் நொண்டி வந்து, தணிந்த குரலில் சொன்னார். "கடைசி மேட்ச் நைனா. இத்த வச்சிக்கினு நான் எப்பிடி ஊட்டுக்குப் போவேன்?"

பிறகு வலைக்கு அந்தப் பக்கம் பார்த்து, "உங்க பாயிண்ட்டுப்பா. முடிஞ்சிச்சு" என்றார்.

அப்பா அண்ணன் தம்பிக்குக் கைகொடுத்தார். பாய் மாமாவுக்குக் கொடுக்கவில்லை. ஆட்டம் முடிந்தால் நாற்பது வருஷமாக மாமாவின் காரில் வீடு திரும்புகிறவர், அன்று என் வண்டியில் ஏறிக்கொண்டார். ஆனால் பேசாமல் இருக்கவும் அவரால் முடியவில்லை. மறுநாளிலிருந்து காலையும் மாலையும் போன். "வெளிய விழுந்துச்சு பாய்." "உள்ள நைனா." "உனக்கு முழங்கால் மட்டும் இல்ல, கண்ணும் போச்சு." "கடைக்கு வா, யாரு கண்ணு போச்சுன்னு டெஸ்ட் பண்ணிக் காட்டுறேன்." ஆப்பரேஷன் வரைக்கும் எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. எனக்குத் தலைவலி வந்தது.

ஆப்பரேஷன் அன்று காலை அப்பா எனக்கு முன்பே கிளம்பி நின்றார். மாமாவின் மகன்களும் மருமகள்களும் தாழ்வாரம் முழுக்க நின்றிருந்தார்கள். பச்சை உடுப்பும் தொப்பியுமாக மாமாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். எல்லோரும் அவரவர் தைரியம் சொன்னார்கள். அப்பா மட்டும் வண்டியோடு கூடவே நடந்து போனார்.

"அவுட்டு பாய்."

"லைன்ல நைனா" என்றார் மாமா, படுத்தபடியே. கதவு மூடிக்கொண்டது.

அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைன் மேலதான் விழுந்துச்சு. நல்லாவே பார்த்தேன்" என்றார்.

நான் திரும்பினேன். "பின்ன ஏம்ப்பா?"

"அவன் பேரு அந்தப் பலகையில வரணும்னு இருந்துச்சு. என் பேரு வராட்டிக்கூடப் பரவால்ல. இனிமே அவன் ஆடப் போறதில்லையே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாமா வெளிய வந்ததும் இதை அவர்கிட்ட சொல்லுங்கப்பா."

"சொல்லிடாதே!" என்று அப்பா பதறினார். "நீயும் சொல்லிடாதே. டென்னிஸும் போச்சு. இனிமே நாங்க தெனம் சந்திச்சா சண்டை போட்டுக்க அது ஒண்ணுதாம்மா இருக்கு."